ஒரே பாயில் மூன்று பேர்

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது):

குருவானவர் ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். என் கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாடகர் குழுவிலும் சேகரக் கமிட்டியிலும் (சபையை நிர்வகிக்கும் குழு) இருக்கிறார். நாத்தனார் திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டவள். ஆறு ஆண்டுகளுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுகு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். கொழுந்தன் தொழுநோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவர் ஆலயத்துக்குப் போவதே அபூர்வம்.

அத்தை பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் எண்பது வயது நிறைகிறது. "மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபம்பண்ணுவதை நான் பார்க்க வேண்டும்" என்பது மட்டும்தான் அவர்கள் கேட்பது. போன கிறிஸ்துமஸ் இரவு அதற்கு ஏற்பாடு செய்தேன். நாத்தனார் சத்தமாக அந்நிய பாஷையில் (ஆவியானவர் தருவதாக நம்பும், கேட்பவருக்குப் புரியாத மொழி) ஜெபிக்க ஆரம்பித்ததும் என் கணவர் பாதியிலேயே பாமாலைப் பாட்டு ஒன்றை உரக்க எடுத்துவிட்டார். கொழுந்தன் எழுந்து, "இந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க யாருக்காவது நினைவிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அத்தை அழுதார்கள். மூவரும் ஒரே ஆண்டவருக்குத்தான் ஊழியம் செய்கிறார்கள். இவர்களில் யார் செய்வது சரி? நான் எப்படி ஒன்று சேர்ப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அச்சுக்குச் சுருக்கும்போது விட்டுவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள்: நாத்தனார் நகை கழற்றியபோது, கல்யாணத்துக்கு வீட்டில் போட்டு அனுப்பிய ஐந்து பவுன் சங்கிலியை விற்றுத் தன் சபையின் கட்டட நிதிக்குக் கொடுத்துவிட்டாள் என்றும், அன்றிலிருந்துதான் உங்கள் கணவருக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை என்றும்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் குருப்பணியில் இருந்தவன் நான். சண்டைக்கு உண்மையான காரணத்தை எவரும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. முதல் பக்கத்தில் உபதேசம் இருக்கும், வேத வசனம் இருக்கும், "எங்கள் முறை, அவர்கள் முறை" இருக்கும். உள்ளே போனால் ஒரு வேலித் தகராறு, ஒரு கமிட்டித் தேர்தல், அழைப்பிதழ் வராத ஒரு கல்யாணம். சில சபைகள் இரண்டாகப் பிரிந்ததற்கும் அழகான உபதேசக் காரணங்களைச் சொல்வார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், அங்கே யார் எந்தப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்பதிலேயே வேறு காரணம் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் அந்தச் சங்கிலியைப் பேசித் தீர்க்காமல் ஜெபப் பாயை விரித்தால், கிறிஸ்துமஸ் இரவு மறுபடியும் நடக்கும்.

அந்தச் சங்கிலிக்குப் பணம் கட்டியது யார்? நீங்கள் எழுதவில்லை. தகப்பனார் அதற்கு முன்பே காலமானதாகக் குறிப்பிட்டிருப்பதால், மூத்த பிள்ளையின் உழைப்பு அதில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தங்கையின் கழுத்துக்கு என்று அவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது, அவர் ஒத்துக்கொள்ளாத ஒரு சபையின் சுவராக நிற்கிறது. திருநெல்வேலி பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது அவர் கண்ணில் படும். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கிறது. காணிக்கை கொடுத்ததற்காகக் கோபப்படும் கமிட்டி மெம்பர் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை? ஆகவே அந்நிய பாஷையைப் பிடித்துக்கொள்கிறார்.

இனி அவள் பக்கம். அவளுடைய சபையில் நகை கழற்றுவது ஒரு பொருத்தனை மாதிரி. கழற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் அவள் மனது பாதி விட்டதாகத்தான் இருந்திருக்கும். தன்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்ததைக் கொடுத்தாள். கொடுத்ததில் நான் குறை காண மாட்டேன். ஆனால் விற்பதற்கு முன் தாயிடமும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உபதேசத்தில் அவளோடு எனக்கு வேறுபாடு உண்டு, அது கிடக்கட்டும். இது மரியாதை சம்பந்தப்பட்டது, இதில் அவள்மேல்தான் தவறு. அவளாகவே அண்ணனிடம், "அன்றைக்குச் சொல்லாமல் செய்தது தப்புதான் அண்ணே" என்று அந்த ஒன்றை மட்டும் சொன்னால் போதும். சபை மாறியதற்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கணவரும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். யார் செய்வது சரி?

நான் சி.எஸ்.ஐ. குரு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தே கை சுருங்கியவன். பெற்றோரும் சபையும் விசுவாசத்தில் ஏந்திக்கொண்டு வரும் பிள்ளையை ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார், அந்தப் பிள்ளை வளர்ந்து திடப்படுத்தலின்போது தன் வாயால் அறிக்கையிடுகிறது, எனவே ஞானஸ்நானம் ஒரே முறைதான் என்பது எங்கள் போதனை. என் நம்பிக்கையும் அதுதான். உங்கள் நாத்தனாரின் சபை, விசுவாசித்த பிறகு எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்கிறது. அவளைக் கேட்டால், தான் "மறு" ஞானஸ்நானம் எடுக்கவில்லை, முதன்முறையாக இப்போதுதான் எடுத்தேன் என்பாள். இந்த இரண்டையும் ஒரு குடும்ப ஜெபத்தில் பொருத்திவிட முடியாது. முடியும் என்று சொல்லும் சமாதானப் பேச்சாளர்களை நம்பாதீர்கள். அவர்கள் இரண்டு பக்கத்தையும் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அத்தைக்கு இது எங்கே வலிக்கிறது என்பதையும் பாருங்கள். கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போய், ஐயர் கையில் கொடுத்து, பேர் வைத்துத் திரும்பிய தாய் அவர்கள். "அது செல்லாது" என்று அந்த மகளே சொன்னது போல அவர்களுக்குக் கேட்டிருக்கும். அவள் அப்படி நினைத்துச் செய்யவில்லை. இதை அவளிடம் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா என்பது சந்தேகம்தான்.

உங்கள் கணவர் கமிட்டியில் இருக்கிறார் அல்லவா? அவருக்குத் தம் சபை எப்படி உண்டானது என்பதை நினைவுபடுத்த வேண்டும். வருடந்தோறும் செப்டம்பரில் சி.எஸ்.ஐ. உருவான நாளைக் கொண்டாடுகிறோம், கொடி ஏற்றுகிறோம், எல்லாரும் ஒன்றாயிருக்க இயேசு ஜெபித்த யோவான் 17-ஐ வாசிக்கிறோம். அது எவ்வளவு சண்டைக்குப் பிறகு வந்த ஒற்றுமை என்பதை யாரும் சொல்வதில்லை.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த குருமார் முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். இருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் இந்தியர்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய அதே கடற்கரை. உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயரும் அங்கே இருந்தார். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டில் போட்ட சண்டையால் உண்டான பிரிவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது), பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒன்றாகிவிட வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். எழுதியது இரண்டே நாளில். ஒன்றானது எப்போது தெரியுமா? 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். இருபத்தெட்டு ஆண்டுகள்! அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே கண்மூடிவிட்டார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் எதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்? முக்கியமாக ஒரு கேள்வியை. ஆங்கிலிக்கன் முறையில் பேராயர் கைவைத்தால்தான் குருப்பட்ட அபிஷேகம். மற்ற சபைகளின் குருமார்களுக்கு அப்படிப் பேராயர் கைவைக்கவில்லை. அப்படியானால் அவர்களுடைய அபிஷேகம் செல்லுமா? மறுபடியும் கொடுக்க வேண்டுமா? உங்கள் வீட்டு ஞானஸ்நானச் சண்டை மாதிரியே இல்லையா இது? கடைசியில், முன்பு அபிஷேகம் பெற்ற யாருக்கும் மறு அபிஷேகம் இல்லை, இனிமேல் எல்லாருக்கும் பேராயரே கைவைப்பார், கலந்து வளர முப்பது ஆண்டுகள் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். அதிலும் எல்லாரும் வந்துவிடவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகள் பல ஆண்டுகள் வெளியிலேயே நின்றன.

இந்த உதாரணம் நாத்தனாருக்குச் சாதகமாகப் போகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் மறுபடி கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அவளோ மறுபடி எடுத்திருக்கிறாள். நான் காட்ட வந்தது வேறு. அந்த உடன்பாட்டில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. எந்தச் சபைக்கும் அதன் மனச்சாட்சி ஏற்காத ஆராதனை முறையையோ குருவையோ வலுக்கட்டாயமாகத் திணிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நாகர்கோவில் பக்கத்து எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) சபைகளும், நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளும் ஒரே பெயருக்குள் வந்து உட்கார முடிந்தது அந்த வாக்குறுதியால்தான். உங்கள் கணவர் இருக்கும் சபை, "நீ மாறினால் சேர்த்துக்கொள்வேன்" என்று சொல்லிக் கட்டப்பட்டதல்ல. தங்கைக்கு மட்டும் அவர் ஏன் அந்த நிபந்தனையைப் போடுகிறார்?

அவர் உடனே கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 14-ஐத் திறப்பார். சபையிலே அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிடக் கருத்தோடு ஐந்து வார்த்தை பேசுவது மேல் என்று பவுல் சொல்லியிருக்கிறார், உண்மைதான். அதே அதிகாரத்தின் கடைசிக்கு முந்திய வசனத்தையும் அவர் வாசித்துக் காட்டட்டும். அந்நிய பாஷை பேசுவதைத் தடைபண்ண வேண்டாம் என்றும் அங்கே இருக்கிறது. அதே சமயம் நாத்தனாருக்கும் அந்த ஐந்து வார்த்தை பொருந்தும். படுக்கையில் இருக்கும் தாய்க்குப் புரியும்படி தமிழில் ஜெபித்தால் பரிசுத்தாவியானவர் ஒன்றும் வருத்தப்பட மாட்டார்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாவது சேகரத்தில் இருந்தபோது, பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட ஒரு வயதான அம்மா இறந்துபோனார்கள். புருஷனை அடக்கம் செய்த எங்கள் கல்லறைத் தோட்டத்தில், அவர் பக்கத்திலேயே இடம் கேட்டு மகன் வந்தார். கமிட்டி முடியாது என்றது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. நானும் கையெழுத்துப் போட்டேன். மதியத்திலிருந்து சாயங்காலம் வரை அந்த மகன் உடலை வைத்துக்கொண்டு வேறு இடம் தேடினார். கடைசியில் ஊருக்கு வெளியே யாரோ தங்கள் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள். நான் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. ஒரு கோப்பைத் தேநீராவது கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். விதி என்ன சொல்கிறது என்று பார்த்தேனே தவிர, அந்த மகனை உட்காரவைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேட்பது என்றதும் யோசுவா 22 நினைவுக்கு வருகிறது. அதிகம் பிரசங்கிக்கப்படாத அதிகாரம். ரூபன், காத் கோத்திரங்களும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் யோர்தான் ஓரத்தில் பார்வைக்குப் பெரிதான ஒரு பீடத்தைக் கட்டிவிட்டார்கள். பலிபீடம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது கட்டளை. மற்றவர்கள் சீலோவில் கூடி யுத்தத்துக்கே கிளம்பிவிட்டார்கள். ஆனால் வாளை எடுப்பதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஆசாரியன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி, "இது என்ன?" என்று கேட்டார்கள். பலியிடுவதற்காகக் கட்டியது அல்ல இது என்று பதில் வந்தது. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, யோர்தான் நடுவே எல்லை இருக்கிறது, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடக் கூடாதே, அதற்குச் சாட்சியாகக் கட்டினோம் என்றார்கள். பிரிந்து போகிறார்கள் என்று இவர்கள் பயந்தார்கள். பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர்கள் கட்டியிருந்தார்கள்.

உங்கள் நாத்தனாரிடம் ஆறு ஆண்டுகளில் யாராவது, "நீ ஏன் போனாய்? அங்கே உனக்கு என்ன கிடைத்தது?" என்று வாதாடுவதற்கு இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டிருக்கிறார்களா? உங்கள் கடிதத்தில் ஒரு சிறு தடயம் இருக்கிறது. இரண்டாவது குழந்தை கலைந்து அவள் படுத்திருந்தபோது, அந்தச் சபைப் பெண்கள் முறைவைத்து வந்து சமைத்துப் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் அவளுடைய சொந்தச் சபையிலிருந்து யார் போனார்கள்? கேட்டுப் பாருங்கள். பதில் எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கக்கூடும்.

கொழுந்தனைப் பற்றி. "ஊழியக்காரர் இரண்டு பேர், உலகக்காரர் ஒருவர்" என்று வீட்டில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் அண்ணனும் தங்கையும் ஒற்றுமை போலிருக்கிறது! உங்கள் ஊரில் அசனப் பண்டிகை (சபையார் எல்லாரும் பந்தியில் சாப்பிடும் நாள்) நடக்கும் அல்லவா? அன்றைக்கு ஆராதனையில் இல்லாதவர்கள் யார் என்று பாருங்கள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்பவர்கள்தான். கறி வெட்டுகிறவர், புகையில் கண் எரிய அண்டாவைக் கிண்டுகிறவர், பந்தியில் வாளியோடு ஓடுகிறவர். ஐயரின் பிரசங்கம் அவர்கள் காதில் விழுந்திருக்காது. அதனால் அவர்கள் பண்டிகைக்கு வரவில்லை என்று யாராவது சொல்வார்களா? தினமும் தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிற மனிதனைப் பார்த்து உலகக்காரன் என்பதற்கு எனக்கு வாய் வராது.

அவரிடமும் குறை உண்டு. தான் செய்வது மட்டும்தான் ஊழியம், மற்றதெல்லாம் சத்தம் என்ற நினைப்பு அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் வெளியே வந்துவிட்டது. மாத்திரை கொடுக்க நினைவிருக்கிறதா என்று கேட்டவர், கொடுத்தாரா? நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டும் ஜெபமும் படுக்கையில் இருக்கும் தாய்க்கு மாத்திரை அளவுக்கே வேண்டியவை என்பது நோயாளிகளோடு வாழ்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிறு ஆராதனையை அவர் விட்டுவிட்டது நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை ஆலயத்துக்கு இழுக்கும் நாள் அத்தையின் எண்பதாவது பிறந்தநாள் அல்ல.

பெத்தானியாவில் ஒரு வீடு இருந்தது. அங்கேயும் உடன்பிறந்தவர்கள் மூவர். யோவான் 12-இல் இயேசு அங்கே விருந்துக்கு வருகிறார். மார்த்தாள் பணிவிடை செய்கிறாள், லாசரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், மரியாள் விலையுயர்ந்த தைலத்தை அவர் பாதத்தில் பூசுகிறாள். முன்பு ஒரு நாள், "தங்கை எனக்கு உதவி செய்யவில்லை" என்று புகார் சொன்ன மார்த்தாள், இப்போதும் அதே வேலையைத்தான் செய்கிறாள், ஆனால் புகார் இல்லை. மூவரில் ஒருவரையும் ஆண்டவர் இந்த இடத்தில் கடிந்துகொள்ளவில்லை. தைலம் முந்நூறு பணத்துக்கு விலைபோகுமே என்று கணக்குப் போட்டவனைத்தான் கடிந்துகொண்டார். (இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் சங்கிலியோடு சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். ஐயர் என்னை யூதாஸ் என்கிறாரா என்று கிளம்பிவிடுவார்.)

இனி அந்த நாள்.

அழைப்பிதழ் அடிக்க வேண்டாம். பந்தல், ஒலிபெருக்கி, ஐயர், பாஸ்டர் யாரும் வேண்டாம். என்னையே கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன். குரு ஒருவர் நுழைந்தால் அது அவருடைய சபைக் கூட்டமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உங்கள் கணவர் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க விரும்பினால் படைக்கட்டும், நாத்தனார் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவள் தன் சபையில் சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லட்டும், உங்கள் கணவர் போக வேண்டிய அவசியமில்லை. வீட்டில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) வைக்கும் யோசனை உங்கள் கடிதத்தில் இருந்தது, அதைக் கைவிடுங்கள். அவளால் மனச்சாட்சியோடு கைநீட்ட முடியாத ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, ஒற்றுமை என்று அதற்குப் பேர் வைக்க முடியாது.

அத்தை கேட்டது ஒரு பாய். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் அதை விரியுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே மூவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அன்றைக்கு அம்மாவுக்காக நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள், எதைச் செய்ய முடியாது?" முடியாததை யாரும் வாதாடி மாற்ற வேண்டாம். கொழுந்தன் சாயங்காலமே வந்து தாயைக் குளிப்பாட்டி, சேலை மாற்றி, தலைவாரிச் சாய்த்து உட்காரவைக்கட்டும். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று உங்களுக்கும் அன்றே காட்டிக் கொடுக்கட்டும், உங்கள் முதுகுக்கும் நல்லது. உங்கள் கணவர் பாட்டு எடுக்கட்டும். எந்தப் பாட்டு என்பதை அத்தை சொல்ல வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை எதையாவது கேட்பார்கள் என்று நினைக்கிறேன், அந்தத் தலைமுறைக்கு அதுதான் வரும். லுத்தரன் சபைக் கவிராயர் அவர், இன்று எல்லாச் சபைகளும் அவரைப் பாடுகின்றன. அவரே தம் காலத்து மிஷனரிகளோடு கடுமையாகச் சண்டை போட்டவர் என்பது பாடுகிற பலருக்குத் தெரியாது. அந்தச் சண்டையில் சாதி விஷயத்தில் அவர் நின்ற பக்கம் எனக்கு உடன்பாடில்லை, பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜெபம் நாத்தனார் செய்யட்டும். அவளுக்கு ஜெபிக்க வரும், உங்கள் கணவருக்குப் புத்தகம் பார்த்துத்தான் வரும். இது குறை இல்லை, எனக்கும் பல நாள் அப்படித்தான். அவள் முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்து கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை எடுத்தால் எல்லாரும் சேர்ந்து சொல்லலாம். அதில் ஒரு வார்த்தையையும் யாரும் மறுக்க மாட்டார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போக விடாதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக நீங்கள் மூன்று பேருக்கும் இடையில் தபால்காரராக இருக்கிறீர்கள். "அவர் இப்படிச் சொன்னார்", "அவள் அப்படி நினைக்கிறாள்". நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் மூவரும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. சங்கிலி விஷயத்தைக் கணவரிடம் ஒரு முறை நீங்கள் திறந்துவிடுங்கள், இரவில், தனியாக, தீர்ப்புச் சொல்லாமல். பிறகு அதை நாத்தனாரிடம் கொண்டுபோகாதீர்கள். அவள் கேட்டால், "உன் அண்ணனிடமே பேசு" என்று மட்டும் சொல்லுங்கள். "மைனி, நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சுவாள். இணங்காதீர்கள். அவர்கள் பேசாமலே போய்விட்டால், ஒன்றுசேர்ப்பது உங்கள் கையில் இல்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பவுலும் பர்னபாவும் மாற்கு என்ற வாலிபனை முன்னிட்டுக் கோபத்தோடு பிரிந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். அதே மாற்கு தமக்குப் பிரயோஜனமானவன், அழைத்துக்கொண்டு வா என்று பவுல் எழுதியது தம் கடைசிக் காலத்தில், சிறையிலிருந்து. நடுவில் யார் தூது போனார்கள் என்று வேதத்தில் இல்லை.

இன்னும் ஒரே ஒரு காரியம். சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் முறை உங்கள் கணவருக்குத் தெரியும். 1950-இல் புதிய ஆராதனை முறை எழுதியபோது கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஒருவர் வலக்கையை மற்றவர் வலக்கையோடு வைத்து, இருவரும் இடக்கையால் மூடிக்கொள்வார்கள். பேச்சே தேவையில்லை. நாத்தனாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இதில் அவளுக்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன். ஜெபம் முடிந்ததும் முதலில் அத்தை கொடுக்கட்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும். அவர்களுடைய வலக்கை தானாக எழும்பாது, கொழுந்தன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். மூடுவதற்கு இடக்கை நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.